எடைமேடை அக்காவின் மூன்று விண்டோக்கள்

குந்தாரப்பள்ளிக் கூட்டுரோட்டில் ஒரு லாரி பிரேக் போட்டது. புஸ்ஸென்று நீண்ட காற்றுப் பெருமூச்சு. கையில் டீ ஆறிக்கொண்டிருக்க, நானோ நினைவில் ஓசூரில் ஒரு தொழிற்சாலை வாசலில், லாரிகளை எடைபோடும் எடைமேடை அக்காவின் கண்ணாடி அறைக்குள் போய் நின்றுவிட்டேன்.

அங்கே நான் சாஃப்ட்வேர் எழுதப் போனவன். லாரி சரக்கோடு ஒருமுறை மேடையேறும். உள்ளே போய் இறக்கிவிட்டு, காலியாக மறுபடி ஏறும். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கின் கணக்கு. நடுவில் வேறு லாரிகள் வந்துவிடும். அதனால் கம்ப்யூட்டர் திரையில் லாரிக்கு ஒரு விண்டோ திறக்கும்படி எழுதியிருந்தேன். அக்கா அவற்றைத் தன் போக்கில் பரப்பிக்கொண்டாள். கன்னடம் பேசும் டிரைவர் திரையின் இடப்பக்கம், தெலுங்கு வலப்பக்கம், தமிழ் நடுவில். வண்டி எண் அவள் மனசில் நிற்காது, குரல் நிற்கும். "ஏண்ணா, லாரியில வந்தியா, மாட்டுவண்டியில வந்தியா?" என்று தமிழ்க்காரனைச் சீண்டிக்கொண்டே கன்னடக்காரனின் எடையைப் பதிந்துவிடுவாள். மூன்று பேச்சு, மூன்று விண்டோ. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஒருநாள் இரண்டு கன்னடக்காரர்கள் அடுத்தடுத்து வந்தார்கள். இடப்பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாய் இரண்டு விண்டோ. இவன் எடை அவன் கணக்கில் விழுந்தது. "இன்னொரு தடவை மாறிச்சுன்னா பேக்கிங்குக்குப் போயிடுங்கம்மா," என்றார் மேனேஜர். பேக்கிங்கில் நாள் முழுக்க நிற்கவேண்டும். அக்காவின் முழங்கால் அதற்குத் தாங்காது.

அவளுடைய நாற்காலியைக் காப்பாற்றத்தான் எல்லாவற்றையும் ஒரே விண்டோவாக்கினேன். ஒரு நேரத்தில் ஒரு லாரிதான் தெரியும். மற்றவை ஓரத்தில் வெறும் எண்கள்.

"எல்லாரும் உள்ளாற இருக்காங்கன்ற. ஒருத்தர் மூஞ்சியும் தெரியலியே தம்பி."

"பழகிடும்க்கா."

எடை அதன்பிறகு மாறவே இல்லை. ஆனால் ஒவ்வொரு எண்ணாய்த் தேடி அவள் திறப்பதற்குள் லாரி வரிசை ரோடு வரைக்கும் போய்விடும். ஒரே ஹாரன் சத்தம். மேனேஜர் இந்த முறை தாமதத்தைச் சொல்லி அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்.

பலவாய் இருந்தபோது தவறு, ஒன்றாய் ஆனபோது தாமதம். ஒன்றுக்குள்ளேயே மூன்று பாகம் பிரித்திருக்கலாமோ? பாஷைக்கு ஒரு நிறம் கொடுத்திருக்கலாமோ? அப்புறம் நாலாவது பாஷைக்காரன் ஒடிசாவிலிருந்து லாரி ஓட்டிவந்தால்? இன்றும் புதிதாக எதையாவது எழுத உட்கார்ந்தால் இந்த இடத்தில் கை நின்றுவிடுகிறது. பிரிக்கிறேன், சேர்க்கிறேன், மறுபடி பிரிக்கிறேன்.

கூட்டுரோட்டு லாரி இன்னொரு பெருமூச்சு விட்டுக் கிளம்புகிறது. அக்காவை மாற்றிய அன்றைக்கும் ஒரு லாரி இப்படித்தான் மேடையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா வீட்டுக்குப் போக மத்திகிரி பஸ்ஸுக்காகப் பையை மாட்டிக்கொண்டாள். அவள் நாற்காலியில், மதுரைப் பக்கமிருந்து புதிதாய் வேலைக்கு வந்த பெண் உட்கார்ந்திருந்தாள்.

"பழையபடியே மாத்திடட்டுமாக்கா?" என்றேன்.

அக்கா கண்ணாடி வழியே அந்தப் பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வுடு தம்பி. அந்தப் பொண்ணுக்குத் தமிழ் மட்டுந்தான் தெரியும். அதுக்கு ஒண்ணே போதும்."