துண்டு இழுக்கும் ஆட்டம்

போன வாரம் நேரு வீதியில் ஒரு துணிக்கடைக்குத் தலையணை உறை வாங்கப் போயிருந்தேன். பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் ஒரு பலூனுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். தாய்க்காரி திரும்பிக்கூடப் பார்க்காமல், "டேய், அக்கா கையிலேர்ந்து ஸ்நாட்ச் பண்ணாதடா!" என்றாள். நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். "என்னாம்மா, மயக்கமா வருதா?" என்று கடைப்பெண் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒரு இங்கிலீஷ் வார்த்தையைக் கேட்டு உட்கார்ந்துவிட்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? வெயில் என்று சொல்லித் தப்பித்தேன்.

உங்களிடம் சொல்லலாம். அந்த வார்த்தையை நான் ஒரு ஈரத்துண்டை வைத்துக் கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தவள் தெரேஸ். அவளும் என் வகுப்புதான், அவளுக்கும் அது முந்தின நாள்தான் தெரியும்.

எங்கள் வீட்டுக்கும் தெரேஸ் வீட்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு. அவள் அந்தப் பக்கம் வாளி விட்டால் நான் இந்தப் பக்கம் விடுவேன், நடுவில் கயிறு சிக்கிக்கொண்டால் இரண்டு வீட்டிலும் சமையல் நின்றுபோகும். இரண்டு பேரும் பிரெஞ்சில் படித்தவர்கள். பிரெஞ்சில் கடிதம் எழுதச் சொன்னால் படிப்பவர் கண் கலங்கும்படி எழுதுவோம், அவ்வளவு கர்வம். நாங்கள் பரீட்சை தேறிய கையோடு, எங்கள் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய்விட்டான். ஐம்பத்து நாலாம் வருஷம். வேலை கேட்டுப் போன இடமெல்லாம், "இங்கிலீஷ் வருமா?" என்றார்கள். எங்களுக்குக் குட்மார்னிங் வரும், அதற்கு மேல் வராது.

ஊரில் சாரம் என்ற பகுதியில் ஒரு மாடியில் மாலை வகுப்பு நடந்தது. மீசை நரைத்த குமாஸ்தாக்களும் எங்களைப் போன்ற பெண்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஏ, பி, சி படித்தோம். ஒருநாள் எடுத்துக்கொள்வதற்கான சொற்கள் வந்தன. கேட்காமல் எடுத்தால் ஒரு சொல், வெடுக்கென்று பறித்தால் ஒரு சொல், அதிகாரம் காட்டி எடுத்தால் ஒன்று, முறுக்கிப் பிடுங்கினால் இன்னொன்று. பிரெஞ்சிலும் சரி தமிழிலும் சரி, பல்லையும் பையையும் ஒரே சொல்லால் பிடுங்கிவிடலாம். தெரேஸ் பொறுக்கமாட்டாமல் எழுந்து, "ஊரெல்லாம் புடுங்கித் தின்னவனுக்குத்தானே புடுங்கறதுக்கு இத்தினி வார்த்த வேணும்!" என்றாள். வகுப்பே குலுங்கியது. குமாஸ்தா ஒருவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

மறுநாள் கிணற்றடியில் அந்தச் சொற்களை மனசில் ஏற்ற அவளே வழியும் கண்டுபிடித்தாள். துவைத்துப் பிழிந்த துண்டு ஒன்று. ஒருத்தி பிடிக்க வேண்டும், மற்றவள் எடுக்க வேண்டும், எடுக்கிற விதத்துக்கு ஏற்ற சொல்லைக் கத்த வேண்டும். துவைகல்லில் கிடப்பதை எட்டிப் பாய்ந்து அள்ளினால் கிராப். கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடினால் ஸ்நாட்ச். அதிகாரம் காட்டிப் பறிமுதல் செய்கிற சீஸ் எங்களுக்குப் பழகிய விஷயம். எல்லையில் சுங்கத்துக்காரன் நின்ற காலத்தில் தெரேசின் அம்மா கொண்டுபோன சீமைத்துணி அவனிடம்தான் போனது. அதனால் இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டு கையை நீட்டினால் போதும். ரெஞ்ச் மட்டும் வரவே இல்லை. மெக்கானிக் கையில் இருக்கிற ரெஞ்ச் இருக்கிறதே, அதே சொல்தான். உயிர் போனாலும் விடமாட்டேன் என்று ஒருவர் பிடித்திருக்க, மற்றவர் முறுக்கிப் பிடுங்க வேண்டும். நாங்கள் பாதியில் சிரித்துவிடுவோம், யாராவது ஒருத்தி பிடியை விட்டுவிடுவாள். "அடிப்பாவி, உட்டுட்டியே! நீயா உட்டா அது ரெஞ்ச் இல்லடி" என்பாள் தெரேஸ். அந்தத் துண்டில் பச்சைச் சவுக்கார வாசனை அடிக்கும். இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால் அவள் ஈரக்கையோடு என் முன்னால் நிற்கிறாள்.

எனக்கு ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை இஞ்ஞாசி பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய். லீவில் வந்து தாலி கட்டிவிட்டு அல்ஜீரியாவுக்குப் போய்விட்டார். நிறைமாதமாகி வயிறு இறங்கியிருந்த நாட்களில் கிணற்றடியில் மூச்சு வாங்கிக்கொண்டே, "புள்ளைக்கு நீதாண்டி ஞானத்தாய், வேற எவளயும் நிக்க உடமாட்டேன்" என்றாள். அப்படியே கோவிலில் ஞானஸ்நானத்தின்போது பிள்ளையை நான்தான் ஏந்தி நின்றேன். அந்த வாரமே பிரசவக் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். அந்த வாரத்தைப் பற்றி எனக்கு இன்னும் எழுத வரவில்லை. தாண்டிப் போகிறேன்.

தாய் இல்லாமல் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது ஞானத்தாயின் கடமை என்று எங்களிடம் ஒரு பேச்சு உண்டு. முக்கால்வாசிப் பேர் ஒரு வெள்ளிக் கொலுசோடு அந்தக் கடமையை முடித்துக்கொள்வார்கள். எனக்கு அது கிணற்றைச் சுற்றிக்கொண்டு துணியில் சுருட்டி வந்து சேர்ந்தது. ஜான் என்று பெயர், நான் கூப்பிட்டது ஜானு. பேச வந்ததும் என்னை 'மரேன்' என்றான். ஞானத்தாய்க்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். மற்ற பிள்ளைகள் அம்மா என்று கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிடுவான். எனக்கு அது போதும்.

அவனுக்கும் அந்தத் துண்டுதான் விளையாட்டு. எழுத்துத் தெரிவதற்கு முன்னாலேயே கிராப், ஸ்நாட்ச் எல்லாம் தெரியும். காலையில் ரொட்டிக்காரர் கொண்டுவரும் நீள ரொட்டியைக்கூட இரண்டு முனையிலும் பிடித்து இழுத்துத்தான் தின்போம். "கெட்டியா புடிச்சுக்க, உட்டா தோத்துட்ட!" என்று நானே சொல்லிக்கொடுத்தேன். "உடமாட்டேன் போ!" என்று முகம் சிவக்கப் பிடித்துக்கொள்வான். கடைசியில் நான், "ஐயோ, உட்டுடுடா கண்ணு, மரேன் பாவம்" என்று கெஞ்சிவிட்டு விட்டுக்கொடுப்பேன். ஒரு தடவைகூட அவன் தோற்றதில்லை.

அறுபத்து இரண்டில் இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் ஒப்பந்தம் முடிந்து, யார் இந்தியப் பிரஜை, யார் பிரெஞ்சுப் பிரஜை என்று அவரவர் முடிவு செய்யச் சொன்னார்கள். அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று வீடுகள் பிரிந்தன. அல்ஜீரியச் சண்டையும் ஓய்ந்து இஞ்ஞாசி ஊருக்கு வந்தார். அவர் பிரான்ஸ் என்றார். அப்பன் எந்தப் பக்கமோ பிள்ளையும் அந்தப் பக்கம்.

தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "அண்ணே, அவன் இங்கயே இருக்கட்டுமே. நான் படிக்க வெச்சு அனுப்பறேன்" என்றேன்.

"தங்கச்சி, நீ இல்லன்னா இந்தப் புள்ளையே இல்ல. அது எனக்குத் தெரியும்" என்றார். கொஞ்ச நேரம் தொப்பியைத் தடவினார். "தெரேசு மொகத்த நான் பாத்ததே மொத்தம் கொஞ்ச நாளு. எனக்குன்னு இவன் ஒருத்தன்தாம்மா."

அவர் கெட்டவராக இருந்திருந்தால் தெருவில் இறங்கிச் சண்டை போட்டிருப்பேன். நல்ல மனுஷன், அழுதார். நான் காபி போடுகிறேன் என்று உள்ளே போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விழுப்புரம் போகிற காலை ரயில். அங்கே மாறி பம்பாய், பிறகு கப்பல். ஜன்னல் வழியாக அவனுக்கு ரொட்டி கொடுத்தேன். அவன் ரொட்டியை விட்டுவிட்டு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். கண்ணில் விஷமம். ஆட்டம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

கார்டு விசில் ஊதினார். "ஜானு, உடுறா" என்றார் இஞ்ஞாசி.

"உடமாட்டேன் போ!" என்று சிரித்தான். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

"உட்டுடுடா கண்ணு, மரேன் பாவம்" என்றேன். நான் தோற்பதற்கு முன்னால் எப்போதும் சொல்வது அதுதானே. ஜெயித்துவிட்டோம் என்று இன்னும் இறுக்கிக்கொண்டான்.

வண்டி நகர ஆரம்பித்தது. சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக நானே பிரித்தேன். ஒன்றைப் பிரித்தால் மற்றது மூடிக்கொண்டது. மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன். பாதியில் அவன் சிரிப்பு நின்றுபோனது. என்னைப் பார்த்து, "மரேன், இப்பிடி ஆடக் கூடாது!" என்றான்.

அவன் சொன்னது சரிதான்.

கொஞ்ச காலம் கடிதம் வந்தது, பிறகு நின்றது. தமிழ் மறந்திருப்பான். கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். இரண்டு வீட்டையும் சேர்த்து மஞ்சள் சுண்ணாம்பு அடித்து ஓட்டலாக்கிவிட்டார்கள், வாசலில் நின்று யாராவது போட்டோ எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். சாரத்து மாடியில் செல்போன் கடை. நான் ஓய்வு பெறும்வரை இங்கிலீஷ்தான் நடத்தினேன். பிள்ளைகளுக்குக் கிராப் நடித்துக் காட்டுவேன், ஸ்நாட்ச் நடித்துக் காட்டுவேன். ரெஞ்ச் வந்தால் அர்த்தத்தை மட்டும் போர்டில் எழுதிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அந்தக் காலைக்குப் பிறகு என் முந்தானையை யாரும் பிடித்து இழுத்ததில்லை.