இன்மை அறிக்கை

தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். உலக மனித உரிமையைக் காப்பாற்றும் பொறுப்பு ஒருநாள் என் மேஜைக்கே வந்து சேர்ந்தது. சிரிக்காதீர்கள், உண்மைதான்.

ஜெனிவாவில் ஒரு குழு இருக்கிறதாம். மனித உரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாடுகள் தங்கள் லட்சணத்தைத் தாங்களே எழுதி அதற்கு அனுப்ப வேண்டுமாம். அதற்கான கேள்வித்தாள் டெல்லி, சென்னை என்று ஒவ்வொரு படியாக இறங்கி, படிக்கொரு முகப்புக் கடிதம் சேர்ந்து, தடித்துப்போய் எங்களிடம் வந்தது. ஆறாவது கேள்வி: 'காவலில் சித்திரவதை குறித்து வந்த புகார்கள்.' அதன் கீழே, 'இல்லையெனில் இன்மை அறிக்கை அனுப்பவும்.' எங்கள் அலுவலகத்துக்கு உயிரே அந்த 'இன்மை'தான். வறட்சிச் சேதமா, இன்மை. கொத்தடிமைகளா, இன்மை. அந்த ஒரு சொல்லை எழுதினால் கோப்பை மூடிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

ஆனால் அந்த முறை ஒரு புகார் இருந்தது. திருப்போரூர்க்காரர் ஒருவர், அணுபுரத்தில் குடியிருக்கும் அணுமின் நிலைய ஊழியர்களை ஏற்றிப்போகும் வேனை ஓட்டியவர். ஏதோ திருட்டு என்று கடற்கரைப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன் ஒன்றில் பிடித்துவைத்து, இரண்டு காதிலும் மாறி மாறி அறைந்திருந்தார்கள். திருடன் வேறொருவன் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். போன காது போனதுதான். காது கேட்காதவரிடம் யார் வண்டியைக் கொடுப்பார்கள்? அவரும் அவர் மனைவியும் வாராவாரம் பஸ் பிடித்து எங்களிடம் வந்தார்கள். கேட்டது ஒன்றே ஒன்று.

"குடிச்சிட்டு வுழுந்து காது போச்சின்னு ஊர்ல பேசிகினு கீறாங்க சார். அடிச்சது போலீசுதான்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டா போதும்" என்பார் அந்த அம்மாள்.

மனுவை என்ன செய்தோம்? விசாரித்து அறிக்கை தரும்படி, அடித்த அதே ஸ்டேஷனுக்கு அனுப்பினோம். பாலுக்குப் பூனை காவல்! அதுதான் நடைமுறையாம். சில நாளில் பதில் வந்தது: 'மனுதாரரை நேரில் அழைத்து விசாரித்ததில், கேட்ட கேள்வி எதற்கும் அவர் பதிலளிக்கவில்லை. எனவே புகாரில் உண்மையில்லை எனக் கருதி முடிக்கப்பட்டது.'

செவிடாக்கிவிட்டு, பதில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறான் பாவி! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தலைமை எழுத்தரிடம் கொண்டுபோனேன். அவர் டம்ளரைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"அதான் முடிச்சிட்டாங்களேய்யா. ஆறாவதுல இன்மைன்னு அடி. ஜெனிவாக்காரன் இன்னா, திருப்போரூர் பஸ் ஏறி வரப்போறானா?"

எரிந்த உடம்போடு நான் என்ன கிழித்தேன்? உட்கார்ந்து அடித்தேன். கார்பன் வைத்து நான்கு நகல், ஒரு பிழையில்லாமல்.

அந்த நேரம் பார்த்து அவர்கள் இருவரும் வந்து நின்றார்கள்.

"இன்னா சார் எழுதிக்கீது?" என்றார் அந்த அம்மாள்.

"இன்மை."

"அப்டின்னா?"

"ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்மா."

அந்த அம்மாள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "இன்னா சொல்றாரு?" என்று கத்திக் கேட்ட கணவரிடம் திரும்பி, இரண்டு கையையும் விரித்து 'இல்லை' என்று காட்டினார்.

கணவர் அதிகாரியின் காலி நாற்காலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "ஆபீசர் இல்லியா? பரவால்ல சார், அடுத்த வாரம் வர்றோம்" என்றார், அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி.

நானும் தலையாட்டினேன். த்தூ.