சுரைக்காய் தொடாத வீட்டாரைத் தேடி

என் அண்ணன் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். பத்திரிகை அடித்து வந்து, ஐந்நூறும் கோயம்புத்தூரில் அண்ணன் வீட்டு அலமாரியில் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. முதல் பத்திரிகையைக் குலதெய்வத்தின் காலடியில் வைத்த பிறகுதான் மற்றவற்றைக் கொடுக்கலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். சிக்கல் என்னவென்றால், எங்கள் குலதெய்வம் எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. அவருடைய அப்பா பஞ்சாலை வேலைக்காகக் கோவைக்கு வந்தவர். சாமி பெயர் இருளப்பசாமி, ஊர் ‘விருதுபட்டிப் பக்கம்’. அவர் விட்டுப்போன தகவல் இவ்வளவுதான். விருதுபட்டி என்பது விருதுநகரின் பழைய பெயர். அந்தப் பக்கம் எவ்வளவு தூரம் வரை நீளும் என்று அப்பா கேட்டுவைக்கவில்லை. என் கல்யாணத்துக்கும் அண்ணன் கல்யாணத்துக்கும் முதல் பத்திரிகை மருதமலைக்குத்தான் போனது. “பேத்திக்காவது செரியான எடத்துல வெச்சிரோணும் கண்ணு” என்றார். எனக்குச் சாமி நம்பிக்கை அதிகம் கிடையாது. ஆனால் அப்பா என்னிடம் எதையும் கேட்பவர் அல்ல. மடிக்கணினியைத் திறந்தேன்.

இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக, இணையத்தில் எது உதவியது, எது உதவவில்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வம்சாவளி தேடித் தரும் வெளிநாட்டுத் தளங்கள் எல்லாம் குடும்பப் பெயரைக் கேட்கின்றன. நமக்கு அப்படி ஒன்று இல்லை; அப்பா பெயரின் முதல் எழுத்து ஒரு தலைமுறையோடு முடிந்துவிடுகிறது. அப்பாவின் பெயரான மாடசாமியைக் குடும்பப் பெயராகப் போட்டேன். தென்னாப்பிரிக்காவில் ஏராளமான மாடசாமிகளைச் சொந்தமாகக் காட்டியது. அவர்களுக்கு என் வாழ்த்துகள். அரசின் பட்டா, சிட்டா தளம் நல்லதுதான். ஆனால் புல எண் வேண்டும், அதற்கு முன் நிலம் வேண்டும். கூலிக்குக் களையெடுத்தவர்களை அந்தத் தளத்துக்குத் தெரியாது. நூலகத் தளங்களில் பழைய மாவட்ட விவரக் குறிப்புகள் படமெடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. பஞ்சம் வந்ததையும் ஆலை வந்ததையும் படிக்கலாம், தாத்தா எந்தத் தெருவிலிருந்து கிளம்பினார் என்பதைப் படிக்க முடியாது.

கடைசியில் கொஞ்சமாவது பலன் தந்தவை முகநூலில் உள்ள குலதெய்வம் தேடுவோர் குழுக்களும், கோயில்களைப் படமெடுத்துப் போடும் யூடியூப் அலைவரிசைகளும்தான். அங்கே எழுதினால் முதல் பதிலாக “நீங்க எந்த ஆளுக?” என்று கேட்பார்கள். சாதியைத்தான் கேட்கிறார்கள். எவ்வளவு சொல்வது என்று எழுதுவதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். நான் தனிச் செய்தியில் மட்டும் சொன்னேன். மூன்று வாரத்தில் பதினோரு இருளப்பசாமிகள் கிடைத்தார்கள். அதில் ஒருவர் காரியாபட்டிப் பக்கம். அந்தக் கோயிலைக் கும்பிடும் முனியாண்டி என்பவர் போனிலேயே, “எங்க அப்பா கூடப்பிறந்தவரு ஒருத்தரு கோயமுத்தூரு மில்லுக்குப் போனாரு. நீங்க நம்ம பங்காளியேதான், கிளம்பி வாங்க” என்றார். அவ்வளவு வேகமாக யாராவது ஒப்புக்கொண்டால் எனக்குச் சந்தேகம் வரும். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜூன் மூன்றாம் வாரம், வெள்ளிக்கிழமை காலை ரயிலில் கிளம்பினோம். மதுரை தாண்டி விருதுநகரில் இறங்கும்போது பிற்பகல். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அறை, ஒரு நாளைக்கு 1,400 ரூபாய். சுத்தமாக இருந்தது, மின்தூக்கி இல்லை. வயதானவர்களுடன் போகிறவர்கள் தரைத்தளம் கேட்டு வாங்குங்கள். இரவு எண்ணெய் பரோட்டா சாப்பிட்டோம். வேண்டாம் என்று சொல்லியும் அப்பா மூன்று சாப்பிட்டார். மஞ்சள் தடவிய உறையில் போட்ட பத்திரிகையைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினார்.

சனிக்கிழமை காரியாபட்டிக்கு வாடகைக் கார், போக வர 2,400 ரூபாய். சுமார் முப்பது கிலோமீட்டர். முனியாண்டிக்கு அறுபது வயது இருக்கும், சொந்தமாகக் கொஞ்சம் பருத்திக்காடு வைத்திருக்கிறார். தெருமுனையிலேயே நின்று அப்பாவைக் கட்டிக்கொண்டார். “அண்ணே, எம்புட்டு வருசம் கழிச்சு வந்திருக்கீக!” என்றார். அதுவரை இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. அப்பா அங்கேயே அண்ணனுக்குப் போன் போட்டு, “கண்டுபுடிச்சாச்சு” என்று சொல்லிவிட்டார். சாப்பிட்டதும் கோயிலுக்குப் போகலாம் என்றார்கள். பத்திரிகை உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டே அப்பா இலை முன்னால் உட்கார்ந்தார்.

பரிமாறியவர் முனியாண்டியின் மனைவி பஞ்சவர்ணம். சோறு, சாம்பார், சுரைக்காய்க் கூட்டு, அப்பளம். கூட்டு அருமையாக இருந்ததால் நான் இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டேன். அப்பா இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது.

“என்னய்யா, கூட்டுல கையே வைக்கலையே? உறைப்பா இருக்கா?”

“இல்லீங்க. எங்கூட்ல சொரக்காய் ஆகாதுங்க.”

“ஆகாதா, பிடிக்காதா?”

“ஆகாதுங்க. எங்கப்பன் காலத்துலயே வாசப்படி தாண்டி உள்ளார வராது.”

பஞ்சவர்ணம் கரண்டியைக் கீழே வைத்தார். கணவரைப் பார்த்து, “ஏங்க, இவுக நம்ம பங்காளி இல்லைங்க” என்றார்.

“நீ சும்மா இரு. சாப்பிடுற நேரத்துல…”

“சும்மா எப்படி இருக்க? நம்ம சாமிக்குப் படைக்கிறதே சொரக்காய்க் கூட்டுதான். படையலைச் சாப்பிடாத பங்காளி எங்கன இருக்கான்?”

முனியாண்டி, “பேரு ஒண்ணுதானே. கும்பிட்டுட்டுப் போகட்டுமே, சாமி என்ன கோவிச்சுக்கிடவா போகுது?” என்றார். அவர் நல்லெண்ணத்தில் சொன்னார். அப்பா வேண்டாம் என்று தலையசைத்தார். உறையை மெதுவாகப் பைக்குள் வைத்தார்.

எங்கள் வீட்டில் சுரைக்காய் சமைத்ததில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது அப்பாவின் நாக்கு சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைத்திருந்தேன். விடுதியில் தங்கிப் படித்தபோது சாப்பிடப் பழகி, இப்போது என் வீட்டில் வாரம் ஒருமுறை செய்கிறேன். முகநூல் குழுவில் அவ்வளவு விவரமாக எழுதிய நான் இதை எழுதவில்லை. இது ஒரு தகவல் என்றே எனக்குத் தோன்றவில்லை.

கை கழுவும் இடத்தில் பஞ்சவர்ணம் என்னிடம் தனியாகப் பேசினார். “நான் பிறந்தது சிவகாசிப் பக்கம், விஸ்வநத்தத்துக்கு அங்கிட்டு. அங்கனயும் ஒரு இருளப்பசாமி உண்டு. அந்த ஆளுக சொரக்காயத் தொடமாட்டாக. எங்க தெருவுல குருசாமின்னு ஒரு பையன், அவன்கிட்டத்தான் கோயில் சாவி இருக்கு. சொல்லி வைக்கவா?”

“சொல்லுங்க. ஆனா சுரைக்காய் விஷயத்தை மட்டும் சொல்லாதீங்க” என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “வெவரந்தான்” என்றார்.

திரும்பும் வழியில் அப்பா அண்ணனுக்கு மறுபடி போன் செய்யவில்லை. ஊருக்குள் நுழையும்போது, “நாளைக்கும் இல்லைன்னா விட்றலாம் கண்ணு. மருதமலையிலயே வெச்சிக்கலாம்” என்றார். அந்த மனிதர் எதையாவது விட்டுவிடலாம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

ஞாயிற்றுக்கிழமை பட்டாசுத் தொழிற்சாலைகளுக்கு விடுமுறை என்பதால் அந்த நாளையே குருசாமி சொல்லியிருந்தார். விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு அடிக்கடி பேருந்து உண்டு. ஒரு மணி நேரம் ஆகும். அங்கிருந்து ஆட்டோ, காத்திருப்புக்கும் சேர்த்து ஐந்நூறு ரூபாய். ஓட்டுநர் அப்பா கையிலிருந்த உறையைப் பார்த்துவிட்டார்.

“கல்யாணப் பத்திரிகையா? எங்கன அடிச்சீக?”

“கோயமுத்தூருங்க.”

“அட போங்கய்யா! ஊரு உலகமே இங்கன வந்து அடிச்சுட்டுப் போகுது, நீங்க அங்கன அடிச்சு இங்கன கொண்டாறீக. மீனைக் கொண்டுபோய்த் தூத்துக்குடியில விக்கிற ஆளுகளா இருக்கீகளே!”

அப்பா சிரித்தார். முந்தைய நாள் மதியத்துக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தார்.

ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர்கள் வேண்டாம் என்றார்கள். காரணம் பின்னால் வருகிறது. குருசாமிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம், ஒரு கம்பெனியில் ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். பூட்டிய கம்பிக் கதவுக்கு வெளியே, வேப்பமரத்து நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். சாவி சட்டைப் பையில் இருந்தது. எடுக்கவில்லை.

“தப்பா நினைச்சுக்கிடாதீக மேடம். போன வருசம் ஒருத்தன் எங்க கோயில வீடியோ எடுத்து யூடியூப்ல போட்டான். அதைப் பாத்துட்டு ரெண்டு குடும்பம் வந்துச்சு. சோசியக்காரன் குலதெய்வத்தைத் தேடுன்னு சொல்லிட்டானாம். எதைக் கேட்டாலும் ஆமாங்காக. தாத்தா கறுப்பா இருப்பாரா? ஆமா. சிவப்பா இருப்பாரா? அதுவும் ஆமா. பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா பங்காளின்னு ஏத்துக்கிட்டா பொண்ணு குடுக்க எடுக்க முடியாது பாத்துக்கோங்க. அதனால கேட்டுத்தான் ஆகணும்.”

கேளுங்கள் என்றேன். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. சுரைக்காயை நாமாகச் சொல்லக்கூடாது என்று அப்பாவிடம் பேருந்திலேயே சொல்லியிருந்தேன். அதே விஷயத்தைத் தன் பக்கம் மறைத்து வைத்துக்கொண்டு அவரும் உட்கார்ந்திருந்தார்.

பெயர்கள் கேட்டார், எந்த மில் என்று கேட்டார். அவருக்கு எதுவும் பிடிபடவில்லை. பிறகு, “வீட்டுல எதுவும் ஆகாதுன்னு உண்டா?” என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

“சொரக்காய்ங்க.”

குருசாமியின் முகம் மாறவில்லை. “வேலியில தானா முளைச்சு வந்தா வெட்டிப் போட்டுருவீகளா?”

“அய்யோ, எங்கப்பன் வெட்ட உடமாட்டாருங்க. குடியிருந்த மில்லு லைன் வீட்டுப் பொறகால ஒருக்கா மொளைச்சு, கூரையெல்லாம் படர்ந்துச்சு. தெனமும் தண்ணி ஊத்துவாரு.”

“காய் காய்க்குமே. அதை என்ன செய்வீக?”

அப்பா யோசித்தார். அவருக்குத் தெரியவில்லையோ என்று நினைத்தேன்.

“நாங்க தொடமாட்டமுங்க. எங்கத்தையைப் பல்லடத்துல கட்டிக் குடுத்திருந்தாங்க. அது வந்து பறிச்சுட்டுப் போகும். அது வர்ற வரைக்கும் காய் கொடியிலயே கெடக்கும். ஏன்னு எனக்குத் தெரியாதுங்க. சின்னப் பையன் நானு.”

இதை நான் அதற்கு முன்பு கேட்டதே இல்லை. அப்பாவுக்கு அப்படி ஓர் அத்தை இருந்ததுகூட எனக்குப் புதிது.

குருசாமி எழுந்தார். “கட்டிக்குடுத்த பிள்ளைதான் பறிக்கணும்” என்றார். “அது வேற வீட்டுக்குப் போயிருச்சுல்ல, அதுக்கு ஆகும். அதுக்காகத்தான் தண்ணி ஊத்தி வளக்குறது.” சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். “உள்ள வாங்க பெரியப்பா. பத்திரிகையைக் கொண்டாங்க.” பிறகு, அதுவரை மேடமாக இருந்த என்னைப் பார்த்து, “அக்கா, செருப்பை அங்கன கழட்டிருங்க” என்றார்.

சின்னக் கோயில். ஒரு பீடம், இரண்டு அரிவாள். அப்பா பத்திரிகையை வைத்துவிட்டு வெகுநேரம் கையைக் கூப்பியபடியே நின்றார். வெள்ளத்தில் ஆற்றைக் கடந்தபோது காய்ந்த சுரைக்குடுக்கையைப் பிடித்து நீந்தித்தான் முன்னோர் கரையேறினார்கள், அதனால் அதைத் தின்பதில்லை என்று குருசாமி சொன்னார். அந்தக் கதைக்கு என்ன ஆதாரம் என்று நான் கேட்கவில்லை. வெளியே வந்து அப்பா அண்ணனுக்குப் போன் செய்தார். “கண்டுபுடிச்சாச்சு” என்றார். நேற்றே சொன்னீர்களே என்று அண்ணன் கேட்டிருக்க வேண்டும். “அது வேற” என்று வைத்துவிட்டார்.

கிளம்பும்போது, கோயில் வேலிக் கொடியில் காய்ந்து வெடித்த காயிலிருந்து உதிர்ந்த சுரை விதை நான்கை நாட்காட்டித் தாளில் மடித்து அப்பாவிடம் கொடுத்தார் குருசாமி. அன்று மாலையே காரியாபட்டிக்குப் போன் போட்டு பஞ்சவர்ணத்திடம் சொன்னேன். கல்யாணத்துக்கு முனியாண்டியும் அவரும் வந்தார்கள். “பங்காளி இல்லைன்னு ஆயிருச்சு, இனிச் சம்பந்தியாகலாம்ல” என்று முனியாண்டி பந்தியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

நீங்களும் தேடுவதாக இருந்தால், இணையத்தைக் குறை சொல்லாமல் பயன்படுத்துங்கள். எங்கெங்கே போய்க் கேட்கலாம் என்பதை அது சொல்லும். ஆனால் உங்களிடம் இருப்பதை எல்லாம் பொதுவில் கொட்டிவிடாதீர்கள். மற்றவர் ஆமாம் போடுவதற்கு வசதியாகிவிடும். உங்கள் வீட்டில் என்ன சமைப்பதில்லை, எந்த நிறம் உடுத்துவதில்லை, எந்தக் கிழமையில் எதைச் செய்வதில்லை என்று முதலில் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், காரணம் தெரியாது என்று சொல்வதையும் சேர்த்தே கேளுங்கள். தேடிப் போகும் ஊருக்குக் கல்யாணமாகி வந்த பெண்களிடம் விசாரியுங்கள். அவர்களுக்கு இரண்டு ஊர் தெரியும். சிவகாசிப் பக்கம் போவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். மற்ற நாட்களில், அதுவும் தீபாவளி சீசனில், பேசுவதற்கு ஒருவரும் ஊரில் இருக்கமாட்டார்கள்.

குருசாமி தட்டச்சு செய்து அனுப்பிய வம்சாவளியில், அப்பாவுக்குக் கீழே அண்ணன் இருக்கிறான், அவனுக்குக் கீழே அவன் மகன். நான் இல்லை, கல்யாணப்பெண்ணும் இல்லை. பெண்களை அதில் எழுதுவதில்லையாம். இத்தனை தேடியது நான் இல்லாத ஒரு மரத்துக்கு என்று கொஞ்ச நாள் உறுத்தலாகத்தான் இருந்தது.

போன வாரம் அப்பா போன் செய்தார். அந்த விதைகளில் இரண்டு முளைத்து, அண்ணன் வீட்டு மொட்டைமாடிக் கம்பி முழுக்கப் படர்ந்திருக்கிறதாம். “ஏழு காய் தொங்குது கண்ணு. ஒண்ணு முத்தறாப்புல இருக்குது. எங்க யாருக்கும் தொடறதுக்கில்லை” என்றார். “நீ எப்ப வர்றே?”