பாதையில் ஏறும் சட்டம்

கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலம். துறையில் நிற்கிறோம். வாகனங்களைத் தண்ணி கடத்தும் தெப்பத்துக்கு இங்கே பாதை என்று பேர். அக்கரையில் என் மனிசியின் தங்கச்சிக்குப் பகல் கலியாணம். இந்தப் பாதையை விட்டால் தாலிகட்டு முடிந்துவிடும்.

மூன்று நாள் திட்டம் போட்டனான். வானின் பின்சீற்றைக் கழற்றினனான். நடக்க ஏலாத மனிசியின் சில்லுக்கதிரையை ஏற்றப் பலகையும் எடுத்தனான். ஆக்களை இறக்கிவிட்டுத்தான் பாதையில் வாகனம் ஏறலாம் என்பதை மறந்துபோனன்.

வானை ஓட்டிவந்த மச்சான் அதைப் பாதையில் ஏற்றிவிட்டான். கதிரையில் மனிசி, அவள் மடியில் மகள். தள்ளிக்கொண்டு போகிறேன். பாதைக்கார நானா மறிக்கிறார்.

"சில்லு இருந்தா வாகனம். ஆக்கள் இறங்கி நடக்கோணும்."

"நடக்க ஏலுமெண்டா நான் ஏன் நானா இதில இருக்கிறன்?" என்கிறாள் மனிசி.

"ரைவர் மட்டும் இருக்கலாம், தங்கச்சி."

மனிசி என் கையைத் தட்டிவிட்டுச் சில்லைப் பிடிக்கிறாள். "நான்தான் ரைவர்."

"அப்ப மடியில ஆர்?"

"நான் ஹோன்," என்கிறாள் நாலு வயது மகள். "பாம்! பாம்!"

நானா சிரிக்கவேயில்லை. கதிரையை அவரே பிடித்து ஏற்றுகிறார். பின்னால் நானும் காலை வைக்கிறேன். அவர் கை என் நெஞ்சில் நிற்கிறது.

"நீங்கள் சனம். வாகனமெல்லாம் ஏறட்டும்."

வாகனங்களோடு பாதை நிறைந்துவிட்டது. கயிற்றை அவிழ்க்கிறார்கள். மனிசி அங்கேயிருந்து கத்துகிறாள்.

"அடுத்த பாதையில வாங்கோ! சாப்பாடு எடுத்து வைக்கிறன்!"