அம்மா சொன்ன முடிவு

எங்கள் வீட்டுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தபோது கூடவே ஒரு பதவியும் வந்தது. அந்தப் பதவிக்கு அம்மா தன்னைத்தானே நியமித்துக்கொண்டாள். பெட்டி பேசியது இந்தி. மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துப் பெண்களுக்குத் தெரிந்ததோ தமிழும் மலையாளமும்தான். அம்மா திருநெல்வேலியில் கல்யாணத்துக்கு முன்னால் இந்திப் பரீட்சைகள் எழுதித் தேறியவள். அந்தச் சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே தொங்கியது. எங்கள் சந்தில் இந்தி தெரிந்தவர் என்றால் சான்றிதழ் உள்ளவர் என்று அர்த்தம். வேறு வழியில் ஒருவருக்கு இந்தி வரக்கூடும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. வாரத்துக்கு ஒரு நாள், இந்திச் செய்தி முடிந்ததும் ஒரு தொடர் வரும்; அதைப் பார்க்கச் சந்துப் பெண்கள் எங்கள் கூடத்தில் கூடிவிடுவார்கள். தொடர் என்று சொன்னாலும் ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் சம்பந்தம் கிடையாது. ஒவ்வொரு வாரமும் புது ஆட்கள், புது வீடு, புது மர்மம். அரைமணி நேரத்துக்குள் யாராவது சாவார்கள் அல்லது காணாமல் போவார்கள். கடைசி நிமிஷத்தில் எல்லாம் தலைகீழாகும். தொடக்கத்தில் வரும் இசையைக் கேட்டாலே நான் காதைப் பொத்திக்கொள்வேன். ஆனாலும் பாயில் முன்வரிசை இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காருவாள். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு அவள் கையில். படத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் மூச்சு விட்டால் போதும், ஒலியைக் குறைத்துத் தமிழில் சொல்வாள். சொல்லி முடித்துத் திருப்பிக் கூட்டும்போது அவர்கள் வேறு ஊருக்கே போயிருப்பார்கள். அம்மா படித்த இந்தியில் நரியும் மாம்பழமும் ராஜாவும் உண்டு. போலீஸ் விசாரணை கிடையாது. புரியாத இடங்களில் அவளிடம் ஒரே பதில்தான்.

"சும்மா குசலம் விசாரிக்காங்க."

ஒரு வாரம் கையில் கத்தியோடு ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். அவனும் குசலம்தான் விசாரித்தான். யாரும் சிரிக்கவில்லை. முடிவை மட்டும் அம்மா எப்படியோ பிடித்துவிடுவாள். பிடிக்க முடியாவிட்டால் கட்டிவிடுவாள். அவள் கட்டிய முடிவுகளில் சில, பெட்டியில் வந்ததைவிட நன்றாக இருந்திருக்கும் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

அப்பாவின் இலாகா வேறு. அவர் காலையில் படகேறி வெலிங்டன் தீவுக்குப் போய், அங்கே ஒரு கிடங்கில் வேலை பார்த்துவிட்டு இருட்டும் நேரத்தில் திரும்புவார். படம் ஓடும்போது ஸ்டெபிலைசர் பக்கத்தில் நிற்பது அவர் பொறுப்பு. மாலையானால் எங்கள் பகுதியில் மின்சாரம் சோர்ந்துவிடும். படம் நாலு பக்கமிருந்தும் சுருங்கி உள்ளங்கை அகலத்துக்கு வந்து, கடைசியில் மறைந்தே போகும். வேடிக்கை என்னவென்றால் ஒலி மட்டும் போகாது. இருட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் ஆட்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

ஜன்னலோரம் லாத்தாவின் இடம். அடுத்த வீட்டில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம். தன் மாமாவோடு அங்கே இருந்தாள். என்னைவிட ரொம்பப் பெரியவள், அம்மாவைவிடச் சின்னவள். அவர்கள் வீட்டில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி நான் அவளை லாத்தா என்றேன். அவள் அம்மாவை அக்கா என்றாள். மூன்றாம் வகுப்பு படிக்கும் அவள் மகள், கதை தொடங்குமுன்பே அவள் மடியில் தூங்கிவிடும். அந்தக் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தபோது லாத்தாவின் கணவர் லாஞ்சியேறிக் கள்ளத்தனமாக வளைகுடாவுக்குப் போனவர். முதல் வருஷம் ஓர் ஆள் மூலம் ஒரு சேலையும் சென்ட் பாட்டிலும் வந்தன. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அங்கே போயிருந்தவர்கள் யாரும் அவரைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. எங்கள் சந்துக்கு அவர் முகம்கூடத் தெரியாது. அவர் போன பிறகுதான் லாத்தா மாமா வீட்டுக்கு வந்தாள். அதற்கு முன் எங்கே இருந்தாள் என்று நாங்கள் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை.

அந்த வருஷம் மாமா பாலக்காட்டில் ஒரு வரன் பார்த்திருந்தார். மனைவியை இழந்தவர், துணிக்கடை, நல்ல மனுஷன். பள்ளிவாசலில் பெரியவர்களும் சம்மதித்துவிட்டார்கள். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. கணவர் இறந்துவிட்டார் என்று ஏற்றுக்கொள்வதாக லாத்தா தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால், கணவனை இழந்தவர்கள் இருக்கிற 'இத்தா'வில் நாலு மாதத்துக்கு மேல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அதன் பிறகுதான் நிக்காஹ். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மாமா பாலக்காடு போவதாக ஏற்பாடு. அதற்குள் பதில் வேண்டும்.

"அவரு மௌத்தாயிட்டாருன்னு நான் எப்படி அக்கா சொல்றது? நாக்கு வரமாட்டேங்குது," என்று எங்கள் அடுக்களையில் சாயா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

"வாரப்போ வாராரு. யாரு கண்டா? நீ மனசப் போட்டு வருத்தாத பிள்ள," என்றாள் அம்மா.

அந்த வாரக் கதையா இப்படி வந்து வாய்க்க வேண்டும்!

மலையில் ஒரு வீடு. ஒரு பெண் தனியாக இருக்கிறாள். அவள் கணவன் கப்பலில் போனவன். கப்பல் மூழ்கிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஒரு மழை நாளில் கதவைத் தட்டி ஒருவன் வந்து நிற்கிறான். தாடி, முகத்தில் தீக்காயம். நான்தான் உன் கணவன் என்கிறான். அந்த வீட்டில் எந்தப் படி ஆடும் என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் வளர்ப்பு நாய் அவனைப் பார்த்து விடாமல் குரைக்கிறது. அவன் காப்பியில் சர்க்கரை போட்டுக் குடிக்கிறான், கணவன் போடாதவனாம். அவள் ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

அன்றைக்கு அம்மா ஒரு முறைகூடக் குசலம் விசாரிக்கவில்லை. அந்த இந்தி அவளுக்கு எளிதாக இருந்ததோ, இல்லை அவ்வளவு கவனமாகக் கேட்டாளோ தெரியவில்லை. பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். புருஷன்தான் என்று ஒரு கட்சி, வேஷக்காரன் என்று ஒரு கட்சி.

"நாய்க்குத் தெரியாமலா போகும்?"

"நாய்க்கு வயசாயிடுச்சு, விடு."

லாத்தா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. மகளின் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்த கை மட்டும் நின்றுபோயிருந்தது.

கதையில் அந்தப் பெண் ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனாள். சரியாக அப்போது படம் சுருங்க ஆரம்பித்தது. அப்பா ஸ்டெபிலைசரைத் திருகினார், தட்டினார், அதன் மேல் கையை வைத்து அழுத்திக்கூடப் பார்த்தார். விளக்கும் பெண்ணும் ஒரு தீப்பெட்டி அளவுக்கு ஆகி, மறைந்தார்கள். ஒலி இருந்தது. அவன் பேசினான், ரொம்ப நேரம், மெதுவாக. எனக்குப் பள்ளியில் அப்போதுதான் இந்தி ஆரம்பித்திருந்தது. அவன் சொன்னதில் ஒரே ஒரு சொல்தான் எனக்குப் புரிந்தது. செத்துப்போனான் என்று அர்த்தம்.

"செத்து..." என்று வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அப்படி ஒரு கிள்ளலை அதற்கு முன்பும் பின்பும் நான் வாங்கியதில்லை.

இருட்டுக்குள் அந்தப் பெண் ஏதோ நாலு வார்த்தை பேசினாள், முதலில் ஒரு சின்ன வாக்கியம். பிறகு காலடிச் சத்தம், கதவு, தாழ்ப்பாள் விழும் சத்தம். இசை வந்துவிட்டது.

"என்ன அக்கா ஆச்சு? அவன் யாராம்?" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

அம்மா ஒலியை முழுவதும் குறைத்தாள். யாரையும் பார்க்காமல் திருகைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"புருசன்தான். தீக்காயத்துல முகம் மாறிப்போச்சு, அதான் நாய்க்கு அடையாளம் தெரியல. இத்தன வருசம் ஆஸ்பத்திரில கெடந்தாராம். அவ அழுதுட்டு, உள்ள வாங்கன்னு கூட்டிட்டுப் போயித் தாப்பாளப் போட்டுட்டா. கேட்டுதுல்லா, தாப்பாச் சத்தம்?"

கேட்டது. எல்லோருக்கும் கேட்டது. புருஷன் கட்சிக்காரர்கள் வெற்றிக் களிப்போடு செருப்பைத் தேடினார்கள். லாத்தா மகளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"உள்ளே கூட்டிட்டுப் போயிட்டாளா அக்கா?"

"போயிட்டா பிள்ள."

"செரி அக்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று படுக்கும்போது அம்மா முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. சாமி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள், பக்கத்தில் இருந்த சான்றிதழுக்கும் சேர்த்தே போட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் மாமா வந்து வாசலில் நின்றே சொன்னார், லாத்தா ஒப்புக்கொண்டுவிட்டாள். விடிகாலை சுபுஹ் தொழுதுவிட்டு வந்து, "அவரு மௌத்தாயிட்டாரு மாமா, நான் இத்தா இருக்கேன்" என்றாளாம். அழவில்லையாம். மாமாவுக்கே அது பயமாக இருந்ததாம்.

அம்மாவுக்கு ஒன்றுமே புரியவில்லை. "திரும்பி வந்துட்டான்னுதானடி சொன்னேன்! வந்துட்டான்னு கேட்டுட்டுப் போயியா செத்துட்டாருன்னு சொல்லுதா?" என்று தோசைத் திருப்பியோடு என்னிடம் சண்டைக்கு வந்தாள். நான் என்ன செய்வேன்? தொடை இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் ஜன்னலோரம் காலியாக இருந்தது. இத்தாவில் இருப்பவள் படம் பார்க்க வருவாளா? ஆனால் பெண்கள் போய்ப் பார்க்கலாம். ஒரு சாயங்காலம் அம்மா இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பாத்திரம் தூக்க நான். எங்கள் சந்தைச் சுற்றியிருந்த சுக்குக் கிடங்குகளின் நெடி அந்த வீட்டுக்குள்ளும் இருந்தது. லாத்தா உள்ளறையில் வெள்ளைத் துணி உடுத்திக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் சிரித்தாள். அம்மா அரிசி விலை, மழை, குழந்தையின் இருமல் என்று ஒரு சுற்றுப் போய்விட்டு, கடைசியில் அடக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"நான் ஒண்ணு சொல்ல, நீ ஒண்ணு செஞ்சிட்டியே பிள்ள?"

லாத்தா என் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு இந்தியில் ஒரு வாக்கியம் சொன்னாள். சின்ன வாக்கியம். இருட்டுப் பெட்டிக்குள்ளிருந்து அந்தப் பெண் முதலில் சொன்ன அதே வாக்கியம் என்று குரலின் ஏற்ற இறக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவின் முகம் வெளுத்தது.

"உனக்கு இந்தி தெரியுமா?"

"கல்யாணமாகி மூணு வருஷம் பம்பாயிலதானே அக்கா இருந்தோம். இவ பொறந்ததே அங்கதான். அங்கிருந்துதான் அவரு லாஞ்சி ஏறினது."

"அப்போ... எல்லா வாரமுமா?"

"எல்லா வாரமும்தான். கத்திக்காரன் குசலம் விசாரிச்ச அன்னிக்குச் சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! பின்னே, நீங்க சொல்றது நல்ல ரசமா இருக்கும். அதுக்குத்தானே வந்தேன்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெட்கமா, சிரிப்பா, அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. "உன் மனசு நோகக் கூடாதுன்னுதான் மாத்திச் சொன்னேன்," என்றாள்.

"அது தெரியும் அக்கா. இந்தச் சந்துல ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் வருவாரு, வருவாருன்னு சொல்லிட்டிருந்தீங்க. அதைப் பிடிச்சுக்கிட்டுதான் நானும் இருந்தேன். அன்னிக்கு டிவியில யாரோ ஒருத்தன் செத்ததை நீங்க எங்கிட்ட மறைச்சீங்க பாருங்க... அவரு வருவாருன்னு நெஜமாவே நம்பியிருந்தா உங்களுக்கு அதை மறைக்கத் தோணியிருக்காதே அக்கா. நீங்களும் நம்பலேன்னு அப்போதான் எனக்குத் தெரிஞ்சது."

வெளியே மாமாவின் சைக்கிள் மணி கேட்டது. இடியாப்பம் ஆறிக்கொண்டிருந்தது.

லாத்தா கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள். "இப்போ சொல்லுங்க அக்கா. கடைசியில என்ன நடந்துச்சு?"

"உனக்குத்தான் தெரியுமே பிள்ள."

"நீங்க சொல்லுங்க. தமிழ்ல கேக்கணும் எனக்கு."

அம்மா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வலது கை ஒரு முறை பக்கவாட்டில் போய்த் திருகைத் தேடியது. அங்கே திருகு இல்லை. அந்தக் கையால் லாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் புருசன் இல்ல. கப்பல்ல கூட இருந்தவன். உம்ம வீட்டுக்காரரு என் மடியிலதான் செத்துப்போனாருன்னு சொல்லுதான். இந்த வீட்டப் பத்தி அவரு சொல்லிச் சொல்லி எனக்கு எல்லாம் மனப்பாடம், வெவரத்தச் சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன், உம்ம முகத்தப் பாத்ததும் சொல்ல வாய் வரலங்கான். அதுக்கு அவ சொல்லுதா..." அம்மா லாத்தாவின் கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "எனக்கு மொத நாளே தெரியும். நீ இங்க இருக்கற வரைக்கும் அவரு சாகல. அதான் கேக்கல. இப்போ போ, அப்படிங்கா. அவன் போயிட்டான். அவ உள்ள இருந்து தாப்பாளப் போட்டுட்டா."

லாத்தா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள், எல்லா வாரமும் ஜன்னலோரம் கேட்டது போலவே. பிறகு அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவள் அழுது அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். கூடத்திலிருந்து மகள் ஓடிவந்து, "உம்மாவுக்கு என்ன?" என்று என்னைக் கேட்டாள்.

"வாப்பாவை நெனச்சு அழுறாங்க," என்றேன்.