பொட்டு வைத்து மூடிய கம்ப்யூட்டர்கள்

ஆயுத பூஜை வந்தால்தான் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கம்ப்யூட்டருக்குள் தூசி இருப்பது ஞாபகம் வரும். பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் பரபரப்பு தொற்றிக்கொள்ளும். "ஆத்தா, வந்து கழுவி விட்டுட்டுப் போ" என்று போன் வரும். கழுவி விடுவதற்கு அதென்ன எருமை மாடா? ஆனால் போகத்தான் வேண்டும். தேனி அல்லிநகரத்தில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடையில் வீடு வீடாகப் போய் சர்வீஸ் செய்வது நான்தான். பெண்கள் மட்டும் இருக்கிற வீடுகளில் என்னைத்தான் வரச் சொல்வார்கள்.

வேறு சில வீடுகளில் என்னைப் பார்த்ததும் முகம் மாறும். "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் சரிப்பட்டு வருமா?" என்று ஒருவர் கேட்டார். "ஏன், ஸ்க்ரூவுக்கு மீசை முளைச்சிருக்கா?" என்று திருப்பிக் கேட்டேன். முதலாளியிடம் புகார் போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். வேலையில் என்னைக் குறை சொல்ல எவனும் பிறக்கவில்லை என்ற திமிர் எனக்கு இருந்தது.

பென் டிரைவ் எல்லோர் கையிலும் புதிதாக வந்திருந்த நேரம் அது. நானும் ஒன்றைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பேன். ஆன்டிவைரஸ், டிரைவர்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். தூசியை ஊதிவிட்டு, பென் டிரைவைச் சொருகி, ஆன்டிவைரஸைப் போட்டுவிட்டு, கிளம்பும்போது ஒரு பிரசங்கமும் செய்வேன்: கண்டவர்கள் பென் டிரைவையும் சொருகாதீர்கள், வைரஸ் வரும். நான் சொருகுவது அந்தக் கணக்கில் வராது என்பது என் நினைப்பு.

நான் கிளம்பியதும் வீட்டுக்காரர்கள் மானிட்டரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, துணியைப் போட்டு மூடிவிடுவார்கள். சுத்தம் செய்ததைப் பூஜை முடியும் வரை யாரும் தொடக்கூடாது. விஜயதசமி காலையில் சூடம் காட்டிய பிறகுதான் ஆன் செய்வார்கள். அந்த வருடம் சின்னமனூர் வரை போய் நாற்பது வீடுகளுக்கு மேல் இப்படி மூட வைத்துவிட்டு வந்தேன்.

கடைசியாகப் போனது பழனிசெட்டிபட்டியில் ஓர் அக்கா வீட்டுக்கு. போலியோவில் ஒரு கால் போனவர். வீட்டிலேயே உட்கார்ந்து தமிழ் டைப்பிங் செய்து கொடுத்துப் பிழைத்தார். அப்போது கூடலூர் டீச்சர் ஒருவரின் ஆய்வேட்டை அடித்துக்கொண்டிருந்தார். எல்லை தாண்டி ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போகிற பெண்கள் பாடும் பாட்டுகளைப் பற்றியது அது. டீச்சர் மூன்று வருடம் லீவு நாளெல்லாம் அந்தப் பெண்களோடு ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து போய், கேட்டு எழுதிய பாட்டுகள். பிறகு சனிக்கிழமை தோறும் பழனிசெட்டிபட்டிக்கு வந்து, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தே திருத்தியிருந்தார். திருத்தியது எதுவும் தாளில் இல்லை. பூஜை முடிந்த நான்காம் நாள் மதுரையில் பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தவறினால் ஆய்வுப் பதிவே ரத்து.

"பாப்பா, இத ஒரு சிடியில போட்டுக் குடுத்திரேன். எனக்குப் பதக்கு பதக்குன்னு இருக்கு" என்றார் அக்கா.

சிடி எழுதும் டிரைவ் கடையில் இருந்தது. எடுத்து வர எனக்குச் சோம்பல். "நான் ஆன்டிவைரஸ் போட்டிருக்கேன்ல? பூசை முடியட்டும்க்கா. எங்க ஓடிப் போகப் போகுது?" என்றேன். அக்கா என்னை நம்பிப் பொட்டு வைத்தார்.

விஜயதசமி காலையில் நான் கடையைத் திறப்பதற்குள் அக்கா போன் செய்துவிட்டார். குரலே சரியில்லை.

"பாப்பா, போல்டர் எல்லாம் இருக்கு. தொறந்தா உள்ள ஒண்ணுமில்ல. ஏழு அத்தியாயத்துல ஒண்ணுகூட இல்ல."

நான் யோசிக்கவே இல்லை. எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே. "யாரு பென் டிரைவச் சொருகுனீக?" என்று கத்தினேன்.

"யாரும் சொருகலையே... டீச்சர்தான் ரெண்டு வாரம் முன்னால பென் டிரைவுல போட்டோ கொண்டுவந்தாக."

"அப்புறம் என்ன? அங்கனதான் வந்திருக்கு. படிச்சவுக பண்ற வேலையா இது? அவுக கொண்டாந்த வைரஸ் அவுக பைலையே தின்னிருச்சு. அவுககிட்டயே சொல்லுங்க."

போனை வைத்துவிட்டேன். அக்கா நான் சொன்னதை அப்படியே கூடலூருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

அடுத்த போன் அல்லிநகரத்திலிருந்து. அதே கதை: போல்டர் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. "யாரு பென் டிரைவச் சொருகுனீக?" என்று அங்கேயும் கத்தினேன். அதற்கடுத்து வந்த இரண்டு பேருக்கும் அதே அர்ச்சனை. ஐந்தாவதாகக் கூப்பிட்டவர் சின்னமனூரில் வாழைத்தோட்டம் வைத்திருக்கிற ஐயா. நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"நீ போன கையோட பொட்டு வச்சு மூடுனோம் ஆத்தா. நாலு நாளா ஒரு ஈ காக்கா கிட்டக்கப் போகல. இப்பத்தான் சூடத்தக் காட்டித் தொறக்கேன். இதுல யாரு வந்து எதச் சொருகுனாங்கிற?"

 நான்கு நாட்களுக்கு முன் கடைசியாக அந்த மிஷினில் சொருகியது யார்? நான். அல்லிநகரத்து வீட்டில்? நான். மற்ற இரண்டு வீட்டிலும்? அக்கா வீட்டில் டீச்சர் போட்டோ போட்ட பிறகும் இரண்டு வாரம் வேலை நன்றாகத்தானே ஓடியது?

கழுத்துக் கயிற்றைக் கழற்றி, கடையில் சும்மா கிடந்த பழைய மிஷினில் பென் டிரைவைப் போட்டு, மறைந்திருக்கிற பைல்களையும் காட்டச் சொன்னேன். இருந்தது. நான் வைக்காத இரண்டு பைல்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. எந்த வீட்டில் ஏறியதோ தெரியாது. நான் போட்டுக்கொண்டு திரிந்த ஆன்டிவைரஸ் ஒரு வருடப் பழசு, இந்த வைரஸை அதற்கு அடையாளமே தெரியவில்லை. வாசல் வாசலாகப் போய், கதவைத் திறக்கச் சொல்லி, நானே உள்ளே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.  காலையிலிருந்து ஊரையே திட்டியது நினைவுக்கு வந்து உடம்பு கூசியது.

முதலாளி வந்ததும் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"கத்தாத. இன்டர்நெட்ல இருந்து வந்துச்சுன்னு சொல்லு. எல்லா வீட்டுக்கும் பார்மேட் போட்ரலாம். பழனிசெட்டிபட்டிக்காரக எனக்கும் போன் போட்டாக, இப்பத்தான் அண்ணனை அனுப்பிருக்கேன்."

அண்ணன் என்றது கடையின் இன்னொரு மெக்கானிக்கை. அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது.

"பார்மேட் போட்டா டீச்சர் ஆய்வேடு போயிரும் மொதலாளி! அது அழியல. வைரஸ் ஒளிச்சுத்தான் வச்சிருக்கு. எடுக்க முடியும்."

"எடுக்க முடியலன்னா? நம்ம கடைதான் கெடுத்துச்சுன்னு ஊரெல்லாம் சொல்லுவாக. நீ வாயத் தொறந்து உண்மையச் சொல்லி, நாளைக்கு எவன் கடைக்கு வருவான்? இங்கன வேலை பாக்கணும்னா சொன்னதச் செய்யி."

"அப்ப இங்கன பாக்கல" என்றேன். பெரிய வீரம் எல்லாம் இல்லை. வீட்டில் என்ன சொல்வது என்று பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆள் முன்னால் அதைக் காட்டுவதற்கு நான் தயாராக இல்லை. பையை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

ரோடு முழுக்க முந்தின நாள் உடைத்த திருஷ்டிப் பூசணிக்காய். தேனி சிக்னலைத் தாண்டும்போது ஒரு துண்டில் சக்கரம் ஏறி, வண்டி ஓர் இழுப்பு இழுத்தது. விழாமல் தப்பித்தேன். அக்கா வீட்டுக்குள் நுழைந்தால், சந்தனப் பொட்டு காய்ந்த மானிட்டரில் நீலத் திரை ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் சிடியைப் போட்டு, எந்தெந்த டிரைவை அழிக்க வேண்டும் என்று கேட்கிற இடம் வரை வந்துவிட்டார். விரல் கீபோர்டு மேல் இருந்தது.

"கைய எடுண்ணே!"

அவர் திரும்பிப் பார்த்தாரே தவிர, கையை எடுக்கவில்லை. யுபிஎஸ் இருக்கிற வீடு, சுவரில் பிளக்கைப் பிடுங்கிப் புண்ணியமில்லை. நேராக மேஜைக்கு அடியில் புகுந்து சிபியுவின் முதுகிலிருந்த வயரை உருவினேன். திரை இருண்டது. அண்ணன் எழுந்து நின்று குதித்தார்.

"ஏ புள்ள, கிறுக்கு பிடிச்சிருச்சா? மொதலாளி சொன்னாக, நான் செய்றேன். நீ யாரு நிறுத்துறதுக்கு?"

"இத அழிச்சுப் போட்டு, அப்புறம் எங்க போய் ஜீப்புல ஏறிப் பாட்டுக் கேட்டு எழுதிட்டு வருவ? நீயா பாடுவ? கெளம்புண்ணே."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. பைலை எடுத்துக் கொடுத்த பிறகு நைசாகச் சொல்லிக்கொள்ளலாமா என்று ஒரு நொடி தோன்றியது. பொய் சொல்வானேன், தோன்றத்தான் செய்தது. எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னால் நான் தெய்வம் ஆகிவிடுவேன், தப்பு யார் கண்ணுக்கும் தெரியாது. அந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்கு வேண்டாம் என்று பட்டது.

"அக்கா, வைரஸ் டீச்சர்கிட்ட இருந்து வரல. என் பென் டிரைவ்ல இருந்து வந்துச்சு. நான்தான் கொண்டாந்தேன். காலையில தெரியாமத் திமிராப் பேசிட்டேன். பைல் வருமா வராதான்னு இன்னும் எனக்கே முழுசாத் தெரியாது."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு வெளியேறினார். அக்கா என்னை அறையப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"மொதல்ல பைல எடு. உன்னைய அப்புறம் பேசிக்கிறேன்."

வயரைத் திரும்ப மாட்டி, சிடியை எடுத்துவிட்டு, அடிப்படைக்கு மட்டும் கம்ப்யூட்டர் ஓடுகிற சேஃப் மோடில் திறந்தேன். முதலில் வைரஸ் ஓடாமல் நிறுத்தினேன். போல்டர் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டிருந்த பைல்களை ஒவ்வொன்றாக அழித்தேன். ஒரு தடவை தப்பாக அடித்து, நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பிறகு கறுப்புத் திரையில், ஒளித்து வைத்ததை எல்லாம் வெளியே காட்டச் சொல்லும் அந்த ஒற்றை வரியை எழுதி எண்டர் தட்டினேன். டிரைவ் கறகறவென்று ஓடியது. அக்கா என் தோளைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்தது. திறந்து பார்த்தேன். ஏழு அத்தியாயங்களும் இருந்தன. அக்கா கடைசி அத்தியாயத்தைத் திறக்கச் சொல்லி, கடைசிப் பாட்டின் கடைசி வரியை வாய்விட்டுப் படித்த பிறகுதான் என் தோளை விட்டார்.

வாசலில் சத்தம் கேட்டது. டீச்சர் வந்துவிட்டார். போன் வந்ததும் கட்டியிருந்த சேலையோடு கூடலூரில் பஸ் ஏறியிருக்கிறார். தலைகூட வாரவில்லை.

"வந்திருச்சு டீச்சர், எல்லாம் வந்திருச்சு" என்று அக்கா குரல் உடைந்து சொன்னார். டீச்சர் திரையைப் பார்த்தார். மவுஸை வாங்கி ஒவ்வொரு அத்தியாயமாகத் திறந்து மூடினார். நான் எழுந்து நின்று, அக்காவிடம் சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் டீச்சரிடமும் சொன்னேன். கொண்டுவந்தது நான், உங்கள் மேல் பழி போட்டதும் நான். திட்டுவார், வாங்கிக்கொள்ளலாம் என்று நிமிர்ந்தேதான் நின்றேன்.

டீச்சர் திட்டவில்லை.

"ரெண்டு மணி நேரம் பஸ்ஸுல வந்தேன்ம்மா. என் கையாலயே எம் பொழப்பக் கெடுத்துக்கிட்டேனேன்னு, பக்கத்துல இருந்த பொம்பளைக்குத் தெரியாம முந்தானைய வாயில வச்சு அடைச்சுக்கிட்டு வந்தேன். பைலத் திருப்பிக் குடுத்துட்ட, சரி. அந்த ரெண்டு மணி நேரத்த என்ன செய்வ?"

  சிடி வாங்கி, எழுதும் டிரைவை வேறொரு கடையில் இரவல் கேட்டு எடுத்து வந்து, மூன்று பிரதி எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். நான்காம் நாள் ஆய்வேடு மதுரைக்குப் போய்ச் சேர்ந்தது.

மிச்ச வீடுகள் இருந்தன. வேலை போயிருந்தது, ஆனால் வைரஸ் என்னுடையது. அடுத்ததாக அல்லிநகரத்தில் காலையில் இரண்டாவதாகப் போன் செய்த வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டம்மா என்னைப் பார்த்ததும் கம்ப்யூட்டர் மேலிருந்த துணியை எடுத்தார். நான் உட்காரவில்லை.

"இத நான்தான் கொண்டாந்து விட்டேம்மா. சரி பண்ணித் தாரேன். அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். காலையில நான் போன்ல சொன்னத வச்சு, வீட்ல யாரையாச்சும் பேசிட்டீகளா?"

அந்த அம்மா என் முகத்தைப் பார்க்காமல் துணியை மடித்தார். அடுப்படியில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. மருமகள் ஈரக்கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள்.