சவரிமுத்தர் ஊதாமல் வாசித்த பாட்டு

சவரிமுத்தர் போய்விட்டார் என்ற செய்தி, சந்தையில் நான் பாரைமீனுக்கு விலை பேசிக்கொண்டு நின்றபோது வந்தது. வெறும் பையோடு வீட்டுக்குத் திரும்பினேன். நம் கோவில் பாண்ட் குழுவோடு பவனி போன உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும்.

கப்பல் திருத்தும் டொக்யாட்டில் நாங்கள் இருவரும் ஒரே பட்டறை. வெள்ளைக்காரக் கடற்படை மூட்டை கட்டிய காலத்தில் ஒரு பாண்ட்காரனிடம் பழைய கிளாரினெற் குழல் ஒன்றை வாங்கினார். சொல்லித்தர ஊரில் ஆள் இல்லை. கொழும்பிலிருந்து புத்தகம் எடுப்பித்து, ஒரே குழலை மாறி மாறி ஊதிப் பழகினோம். படத்தில் உள்ளபடி விரல் வைத்தும் சுரம் கோணிக்கொண்டு போனது. பல மாதம் எங்கள் விரல்களையே திட்டினோம். துறைமுகத்துக்கு வந்த கப்பல் வாத்தியக்காரன் ஒருவன் பார்த்துச் சிரித்தபோதுதான் விளங்கியது. புத்தகம் புதுமாதிரிக் குழலுக்கு எழுதியது. எங்களுடையது பழைய மாதிரி. புத்தகம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிய இரண்டு மடையர்கள்! பழைய மாதிரிக்கு உரியதைத் தேடிப் பிடித்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.

அதன்பின் எந்தப் புத்தகம் நல்லது என்று யார் கேட்டாலும், "முதல் உங்கட குழலைக் கொண்டு வாங்கோ. அதைப் பாக்காமல் புத்தகம் சொல்ல எனக்கு ஏலாது" என்பார். விரல் படம் உள்ளது ஒன்று, மூச்சுப் பயிற்சிக்கு ஒன்று, அவ்வளவும் போதும் என்பார். மூச்சுப் புத்தகத்தைத்தான் பெரிதாகப் புகழ்வார்.

அந்த மூச்சுதான் அவரைக் கைவிட்டது. மகள் றீற்றாவின் கல்யாணத்தில் தானே ஊதவேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அதற்கு முந்திய மாரியில் மூச்சுமுட்டு வருத்தம் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி ஊதவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். "ஓம் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்" என்றார் என்னிடம்.

கல்யாணத்தன்று கோவிலில் ஒரே வாங்குப் பலகையில் இருந்தோம். மோதிரம் மாற்றும்போது அவர் விரல்கள் முழங்காலில் அசையத் தொடங்கின. அவரோடு ஊதிப் பழகியவன் ஆகையால் என்ன வாசிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. சின்னவயதில் றீற்றாவைத் தூங்கவைக்க அவர் ஊதிய தாலாட்டு. கடைசிவரை ஒரு சுரமும் தவறவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவரைச் சேமக்காலையில் அடக்கம் செய்து திரும்பியபின் றீற்றா கேட்டாள்: "மாமா, அப்பா என்ர கலியாணத்துக்கு ஊதாமலே போயிட்டார், என்ன?"

"ஊதாட்டியும் வாசிச்சவர், பிள்ளை" என்று சொல்லி, எனக்கு வந்த குரலில் அதைப் பாடிக்காட்டினேன். பாதியிலேயே அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

புத்தகங்களும் குழலும் அவளிடம் இருக்கின்றன. என்னிடம் இருப்பது முழங்காலில் ஓடிய அந்த விரல்கள். அன்று பீடத்தைப் பார்த்து நின்றவள் அவற்றைக் காணவே இல்லை.